சீட்டில்லாமல் ஊரைத் தாண்டக் கூடாது

1948 போரில் விரட்டப்பட்டும் பயந்தோடியும் எல்லை கடந்த ஏழு லட்சம் பாலஸ்தீனர்களை லெபனானிலும் ஜோர்டானிலும் காஸாவிலும் உள்ள முகாம்களில் விட்டுவிட்டு, சென்ற அத்தியாயத்தை முடித்தோம். இந்த அத்தியாயம் போகாமல் நின்றவர்களுடையது. கலிலேயா மலைக் கிராமங்களில், நாசரேத்தில், நெகேவ் பாலைவனத்தில், ஜோர்டான் எல்லையை ஒட்டிய முக்கோணப் பகுதியில் என்று சுமார் ஒன்றரை லட்சம் அரேபியர்கள் புதிய இஸ்ரேலின் எல்லைக்குள் இருந்தார்கள். அவர்கள் எங்கும் நகரவில்லை. எல்லைதான் நகர்ந்து வந்து அவர்களைச் சுற்றி நின்றது.

யூதர்களுக்கு ஒரு நாடு தேவையா, அதற்கு உரிமை உண்டா என்று உலகம் இன்றும் வாதாடிக்கொண்டிருக்கிறது. அறுபது லட்சம் பேரை ஐரோப்பாவில் கொன்று குவித்த பிறகு, எந்தத் துறைமுகமும் ஏற்காத கப்பல்களில் அலைந்த ஒரு மக்கள், தங்களுக்கென்று ஒரு கூரை கேட்டதன் நியாயத்தை இந்தத் தொடரில் விரிவாகவே பார்த்துவிட்டோம். அதை நான் மறுக்கப்போவதில்லை. ஆனால் கூரை எழும்பிய அன்றே இன்னொரு கேள்வியும் எழுந்தது. யூத நாடு என்று பெயர் சூட்டிக்கொண்ட நாட்டில் யூதரல்லாத குடிமகன் யார்? மேடைப் பேச்சுகளைவிட ஒரு துண்டுக் காகிதத்தில் அதற்குத் தெளிவான பதில் இருக்கிறது. அந்தக் காகிதத்தின் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

முதலில் வாக்குறுதி. 1948 மே 14 வெள்ளிக்கிழமை மாலை டெல் அவிவ் அருங்காட்சியகத்தில் டேவிட் பென் குரியன் வாசித்த விடுதலைப் பிரகடனம், மதம், இனம், பாலினம் பாராமல் நாட்டு மக்கள் அனைவருக்கும் முழுமையான சமூக, அரசியல் சமத்துவம் தருவதாகச் சொன்னது. நாலாபுறமும் சண்டை நடந்துகொண்டிருந்த நேரத்திலும் அரபு மக்களைப் பார்த்து, அமைதி காத்து, சம குடிமக்களாக இந்த நாட்டைக் கட்ட வாருங்கள் என்று அழைத்தது. அதே ஆண்டு அக்டோபர் 1-க்குள் அரசியல் சாசனம் தயாராகும் என்றும் அதில் எழுதியிருந்தது. சாசனம் வரவில்லை. 1950 ஜூனில் கெனெஸட், அதாவது இஸ்ரேல் நாடாளுமன்றம், சாசனத்தை ஒரே மூச்சில் எழுதாமல் அடிப்படைச் சட்டங்களாகக் கொஞ்சம் கொஞ்சமாக எழுதலாம் என்று தள்ளிவைத்தது. பிரகடனத்துக்குச் சட்டத்தின் பலம் கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 1948-லேயே சொல்லிவிட்டது. எழுபது ஆண்டு கழித்து, 2018-ல், யூத தேசிய அரசுச் சட்டம் 62-க்கு 55 என்ற வாக்கில் நிறைவேறியபோது அதில் சமத்துவம் என்ற சொல் இடம்பெறவில்லை. அன்று எழுந்த கூச்சலின் வேர் இங்கேதான் இருக்கிறது.

வாக்குரிமை மட்டும் உண்மையாகவே கிடைத்தது. 1949 ஜனவரியில் நடந்த முதல் தேர்தலில் அரேபியர்களும் வாக்களித்தார்கள். அவர்களில் மூவர் கெனெஸட்டில் போய் உட்கார்ந்தார்கள். அதே வாக்காளர், வாக்குச்சாவடியிலிருந்து பக்கத்து நகரத்துக்குப் போக வேண்டுமானால் ராணுவத்திடம் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். 1948-லிருந்து 1966 வரை, பதினெட்டு ஆண்டுகள், அரபுக் குடிமக்களில் மிகப் பெரும்பாலோர் ராணுவ ஆட்சியின் கீழ் வாழ்ந்தார்கள்.

இதற்காகப் புதிய சட்டம் எதுவும் தேவைப்படவில்லை. 1945-ல் பிரிட்டிஷ்காரர்கள் போட்ட பாதுகாப்பு அவசரகால விதிகள் கைவசம் இருந்தன. விசாரணையின்றி அடைத்துவைக்கலாம். வீட்டை இடிக்கலாம். ஊரடங்கு போடலாம். 125-ஆம் விதியின்படி எந்த இடத்தையும் மூடிய பகுதி என்று அறிவித்து, சீட்டில்லாமல் யாரும் உள்ளே வரவோ வெளியே போகவோ கூடாது என்று தடுக்கலாம். இந்த விதிகளை பிரிட்டிஷ்காரர்கள் கொண்டுவந்ததே யூதத் தலைமறைவு இயக்கங்களை ஒடுக்கத்தான். 1946 பிப்ரவரியில் டெல் அவிவில் கூடிய யூத வழக்கறிஞர்கள் மாநாடு இவற்றைக் காய்ச்சி எடுத்தது. அங்கே பேசிய யாக்கோவ் ஷிம்ஷோன் ஷபீரா என்ற வழக்கறிஞர், நாஜி ஜெர்மனியில்கூட இப்படிப்பட்ட சட்டம் இருந்ததில்லை என்றார். இரண்டு ஆண்டுகளில் நாடு பிறந்தது. அவர் அதன் முதல் அட்டர்னி ஜெனரல் ஆனார். விதிகள் அப்படியே நீடித்தன. ஆங்கிலேயர் விட்டுப்போன அடக்குமுறைச் சட்டத்தை விடுதலை பெற்ற அரசு பத்திரமாக எடுத்து வைத்துக்கொள்வது நமக்கும் தெரிந்த கதைதான்.

சீட்டு எப்படி இருந்தது? பெயர், எந்த ஊருக்குப் போகிறார், எதற்காக, எந்த வழியாக, எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். வேறு பாதையில் போனாலும் குற்றம், நேரம் தவறினாலும் குற்றம். விசாரிப்பது ராணுவ நீதிமன்றம். வேலை தேடிப் போக, ஆஸ்பத்திரிக்குப் போக, கல்யாணத்துக்குப் போக, விளைந்ததை விற்கப் போக, எல்லாவற்றுக்கும் ராணுவ ஆளுநரின் அலுவலகத்தில் காத்துக் கிடக்க வேண்டும். கொடுப்பதும் மறுப்பதும் அவர் இஷ்டம். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டியதில்லை. பாதுகாப்பு என்ற ஒரு வார்த்தை போதும். யார் எந்தக் கட்சிக் கூட்டத்துக்குப் போகிறார், யார் கம்யூனிஸ்டு, ஊர்ப்பள்ளியில் யாரை ஆசிரியராகப் போடலாம் என்பதெல்லாம் அந்த மேஜைக்கு வந்து சேர்ந்தது. ஆளுங்கட்சியான மாபாய்க்குத் தேர்தல் நேரத்தில் இதைவிட வசதியான ஏற்பாடு வேறெதுவும் தேவைப்பட்டிருக்காது.

அரசு சொன்ன காரணத்தையும் கேட்டுவிடுவோம். அரபு நாடுகள் படையெடுத்த 1948 போரில் இஸ்ரேல் சுமார் ஆறாயிரம் பேரை இழந்திருந்தது. அன்றைய யூத மக்கள்தொகையில் அது நூற்றில் ஒருவர். கிட்டத்தட்ட எந்த வீடும் தப்பவில்லை. கையெழுத்தானது போர்நிறுத்தம் மட்டும்தான். சமாதான ஒப்பந்தம் எந்த அரபு நாட்டுடனும் இல்லை. இன்னொரு சுற்றுப் போர் வரும் என்று எல்லோரும் நம்பினார்கள். எல்லை தாண்டி இரவில் வந்தவர்களில் பலர் தங்கள் வயலையும் வீட்டையும் தேடி வந்தவர்கள். ஆனால் குடியிருப்புகளில் புகுந்து கொன்றவர்களும் இருந்தார்கள். அந்த அச்சம் பொய்யில்லை. அச்சம் மட்டுமே காரணம் என்பதுதான் பொய். ராணுவ ஆட்சியின் அன்றாட வேலையில் பெரும்பகுதி நிலம் சம்பந்தப்பட்டது.

அது நடந்த விதம் எளிமையானது. ஒரு வயலை மூடிய பகுதி என்று அறிவிப்பார்கள். உழவர் உள்ளே போக முடியாது. போகாத வயல் தரிசாகும். தரிசு நிலத்தை எடுத்துப் பிறருக்குக் கொடுக்க வேளாண் அமைச்சகத்துக்கு இன்னொரு விதி அதிகாரம் கொடுத்திருந்தது. 1950-ஆம் ஆண்டின் வராதோர் சொத்துச் சட்டம் இதற்கு மேல். போர்க்காலத்தில் தன் ஊரைவிட்டு எதிரிப் படை வசமிருந்த இடத்துக்குப் போனவர் வராதவர் என்றது சட்டம். போனது பக்கத்துக் கிராமமானாலும், சில வாரங்களில் திரும்பியிருந்தாலும், இன்று இஸ்ரேல் குடிமகனாகவே இருந்தாலும் அவர் வராதவர்தான். அவர் நிலம் அரசின் பாதுகாவலர் வசம் போய்விடும். பின்னாளில் பாலஸ்தீனத்தின் பெருங்கவிஞராக அறியப்பட்ட மஹ்மூத் தர்வீஷின் குடும்பத்துக்கு நேர்ந்ததும் ஏறத்தாழ இதுதான். அல் பிர்வா என்ற கலிலேயக் கிராமத்திலிருந்து லெபனானுக்கு ஓடி, அடுத்த ஆண்டு ரகசியமாகத் திரும்பி வந்தபோது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிந்திருந்தது, ஊரும் இல்லாமல் போயிருந்தது. சொந்த மண்ணில் ஊடுருவியவர்களாக அவர்கள் ஒளிந்து வாழ்ந்தார்கள்.

ஒரு கிராமத்தின் கதையை மட்டும் முழுதாகச் சொல்ல வேண்டும். லெபனான் எல்லையருகே ஒரு குன்றின் மேல் இருந்தது இக்ரித். கிட்டத்தட்ட ஐந்நூறு பேர். கிரேக்கக் கத்தோலிக்கக் கிறிஸ்தவர்கள். புகையிலையும் அத்தியும் ஒலிவமும் விளைந்த ஊர். 1948 அக்டோபர் 31 அன்று இஸ்ரேல் படை வந்தபோது ஊர்மக்கள் ஒரு குண்டும் சுடவில்லை; சரணடைந்தார்கள். நவம்பர் தொடக்கத்தில் படை அதிகாரிகள் வந்து, எல்லைப் பகுதியில் ஆபத்து இருக்கிறது, இரண்டு வாரத்துக்கு ராமா கிராமத்தில் போய் இருங்கள், பிறகு திரும்பலாம் என்றார்கள். பூட்டிய வீடுகளுக்குக் காவலாக ஒரு சிலரை விட்டுவிட்டு, இரண்டு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள். இரண்டு வாரம் போனது, இரண்டு மாதம் போனது, குளிர்காலம் போனது. கடைசியில் காவலிருந்தவர்களையும் கூட்டிக்கொண்டுபோய் ராமாவில் விட்டார்கள்.

கலவரம் செய்யும் எண்ணம் இக்ரித்காரர்களுக்கு இல்லை. குடிமக்கள் செய்வதைச் செய்தார்கள். வழக்குப் போட்டார்கள். 1951 ஜூலை 31 அன்று இஸ்ரேல் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. இவர்கள் அந்த ஊரின் நிரந்தரவாசிகள், வெளியேற்றுவதற்கு முறையான ஆணை எதுவும் இல்லை, எனவே திரும்புவதைத் தடுக்கச் சட்டத்தில் இடமில்லை. மூன்று வயதே ஆன நாட்டில், அதன் ராணுவத்தை எதிர்த்து அதன் நீதிபதிகள் கொடுத்த தீர்ப்பு. இந்த வரலாற்றில் நெஞ்சு நிமிரும் இடங்கள் குறைவு. இது அவற்றில் ஒன்று.

தீர்ப்பில் முறையான ஆணை இல்லை என்று இருந்தது அல்லவா? ராணுவம் செப்டம்பரில் முறையான வெளியேற்ற ஆணையைக் கொண்டுவந்து நீட்டியது. ஏற்கெனவே மூன்று ஆண்டுகளாக ஊருக்கு வெளியே இருந்தவர்களை ஊரைவிட்டு வெளியேறச் சொல்லும் ஆணை! மக்கள் மறுபடி நீதிமன்றத்துக்குப் போனார்கள். அது விசாரணைக்கு வருவதற்குள், 1951 டிசம்பர் 24 அன்று, ராணுவம் இக்ரித்தின் வீடுகள் அத்தனையையும் வெடிவைத்துத் தகர்த்தது. கிறிஸ்தவக் கிராமத்துக்குத் தேர்ந்தெடுத்த நாள் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள். தேவாலயம் மட்டும் நின்றது. இரண்டு ஆண்டு கழித்து, 1953 செப்டம்பரில், இதேபோலத் திரும்பப் போராடிய மாரோனியக் கிறிஸ்தவக் கிராமமான பிர்இம்மை விமானங்களே குண்டு போட்டு அழித்தன. அந்த ஆண்டின் நிலக் கையகப்படுத்தல் சட்டம் இப்படிப்பட்ட நிலங்களை அரசுக்கு மாற்றிக் கொடுத்தது. 1972-ல் கோல்டா மேயரின் அமைச்சரவையிடம் இக்ரித், பிர்இம் மக்கள் மீண்டும் கேட்டார்கள். கிடைக்கவில்லை. இவர்களுக்குக் கொடுத்தால் மற்றவர்களும் கேட்பார்கள் என்ற பயம். இக்ரித்காரர்கள் சொந்த ஊருக்குத் திரும்ப இன்று அரசு தரும் அனுமதி, இறந்தபின் அங்குள்ள கல்லறைத் தோட்டத்தில் புதைக்கப்படுவதற்கு மட்டும்.

இக்ரித் போர்க்காலக் கொடுமை அல்ல. துப்பாக்கி ஓய்ந்த பின், சட்டத்தை நம்பி வந்த குடிமக்களுக்குச் செய்தது. யூத நாடு வேண்டும் என்பதற்கும் இந்த ஐந்நூறு பேர் வீடு திரும்பக் கூடாது என்பதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று அன்றே சொன்ன இஸ்ரேலியர்கள் இருந்தார்கள். அந்தக் குரல்களை மறந்துவிட்டு இந்த வரலாற்றை எழுதினால் இரண்டு பக்கத்துக்கும் அநியாயம் செய்வோம்.

தத்துவ அறிஞர் மார்ட்டின் பூபர் அவர்களில் ஒருவர். ஒரே நாட்டில் இரு தேசங்களும் சமமாக வாழலாம் என்று 1948-க்கு முன் வாதாடித் தோற்றவர். தோற்ற பின் ஒதுங்கிப் போகவில்லை. கிடைத்த நாட்டை நியாயமான நாடாக்குவதே இனி வேலை என்று நில அபகரிப்பையும் ராணுவ ஆட்சியையும் கடைசிவரை எதிர்த்தார். இடதுசாரி மாபாம் எதிர்த்தது. யூதரும் அரேபியரும் சேர்ந்திருந்த கம்யூனிஸ்டு கட்சி எதிர்த்தது. எல்லோரையும்விட வியப்பூட்டுபவர் மெனாகெம் பெகின். ஜோர்டான் நதியின் இரு கரையும் யூதர்களுக்கே என்று முழங்கியவர், அரேபியர்களின் அச்சத்துக்குரிய இர்குன் படையை நடத்தியவர். அவருடைய ஹெரூட் கட்சியும் ராணுவ ஆட்சியை எடுத்துவிடச் சொன்னது. பிரிட்டிஷ் அவசர விதிகளின் கீழ் தேடப்பட்டவர் அவர். அந்த விதி யார் மேல் பாய்ந்தாலும் அது கொடுங்கோன்மைதான் என்பது அவர் வாதம். 1951 மே மாதம் கெனெஸட், இந்த விதிகள் ஜனநாயக அரசின் அடிப்படைக்கு முரணானவை என்றே தீர்மானம் போட்டு, ரத்து மசோதாவைக் கொண்டுவரும்படி குழுவுக்கு உத்தரவிட்டது. மசோதா வரவே இல்லை. பெகின் 1977-ல் பிரதமரும் ஆனார். அப்போதும் விதிகள் இருந்தன. இக்ரித்தும் காலியாகவே இருந்தது.

விவாதம் இப்படி அவையில் ஓடிக்கொண்டிருக்க, 1956 அக்டோபர் 29 வந்தது. இஸ்ரேல் அன்று சினாய் மீது படையெடுத்தது. ஜோர்டான் எல்லையில் அமைதி கெடக் கூடாது என்று முக்கோணப் பகுதிக் கிராமங்களில் ஊரடங்கு மாலை 5 மணிக்கே தொடங்கும் என்று படைத் தளபதி இஸகார் ஷட்மி உத்தரவிட்டார். மீறினால் சுட வேண்டும். கஃப்ர் காசிம் கிராமத்தின் தலைவரான முக்தாரிடம் தகவல் சொன்னபோது மணி நாலரை. வயலுக்கும் கல்குவாரிக்கும் ஒலிவம் பறிக்கவும் போனவர்கள் நூற்றுக்கணக்கில் வெளியே இருக்கிறார்கள், அரை மணியில் எப்படிச் சொல்லுவேன் என்று அவர் கேட்டார். அவர்களை விடுவார்கள் என்று பதில் வந்தது. எல்லைக் காவல் படையினர் ஊர் முகப்பில் நின்றார்கள். சைக்கிளில் வந்தவர்கள், வண்டியில் வந்தவர்கள், லாரியில் வந்த பெண்கள் என்று ஒவ்வொரு கூட்டமாக நிறுத்தி, எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டுச் சுட்டார்கள். ஊரடங்கு போட்டது தெரியாமலே செத்தவர்கள் அவர்கள். கிராமத்தார் கணக்கில் 49 பேர். கருவில் இருந்த குழந்தையையும் சேர்த்த கணக்கு அது.

அதே உத்தரவு அக்கம்பக்கக் கிராமங்களுக்கும் போயிருந்தது. அங்கிருந்த அதிகாரிகள் வேலை முடிந்து வந்தவர்களை வீட்டுக்குள் விட்டார்கள். உத்தரவை என்ன செய்வது என்பது உத்தரவில் மட்டும் இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

தணிக்கை செய்தியை அமுக்கியது. தவ்ஃபீக் தூபி, மேயர் வில்னர் என்ற இரண்டு கம்யூனிஸ்டு உறுப்பினர்கள், ஒருவர் அரேபியர், ஒருவர் யூதர், சாட்சியம் திரட்டிப் பரப்பினார்கள். விவகாரம் வெளியே வந்தது. 1958 அக்டோபரில் ராணுவ நீதிமன்றத்தில் நீதிபதி பெஞ்சமின் ஹலேவி தீர்ப்பளித்தார். சில உத்தரவுகளின் மேல் கறுப்புக் கொடி பறக்கிறது, பார்த்த மாத்திரத்தில் சட்டவிரோதம் என்று தெரியும் அத்தகைய உத்தரவுக்குக் கீழ்ப்படிவதே குற்றம் என்றார். மூன்று ஆண்டு கழித்து, உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தேன் என்று வாதாடிய நாஜி அதிகாரி எய்க்மனை விசாரித்த மூன்று நீதிபதிகளில் ஹலேவியும் ஒருவர். தீர்ப்பை இஸ்ரேல் ராணுவம் இன்றும் பாடமாக வைத்திருக்கிறது. தண்டனை வேறு கதை. எட்டுப் பேர் குற்றவாளிகள். மேஜர் மலின்கிக்கு 17 ஆண்டு, லெப்டினன்ட் டஹானுக்கு 15. குறைத்துக் குறைத்து 1960-க்குள் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். டஹானுக்கு ராம்லா நகராட்சியில் அரபு விவகாரம் பார்க்கும் வேலை கிடைத்தது. உத்தரவிட்ட ஷட்மிக்குத் தனி விசாரணை. அதிகார வரம்பை மீறினார் என்பதற்காக ஒரு குருஷ், அதாவது பத்து புருட்டா காசு, அபராதம். ஷட்மியின் குருஷ் என்ற பேச்சு அரபு வீடுகளில் பல காலம் நிலைத்தது.

ஆனாலும் கஃப்ர் காசிம் ஒன்றைச் செய்தது. ராணுவ ஆட்சி யாரைக் காக்கிறது என்ற கேள்வியை யூதப் பொதுமக்களிடமும் கொண்டுபோனது. அந்தச் சினாய்ப் போர்க்காலத்தில், எல்லா எல்லையிலும் அரேபியக் குடிமக்கள் அமைதியாகத்தான் இருந்தார்கள் என்பதும் கண்ணுக்குத் தெரிந்தது. நாட்டில் வேலைக்கு ஆள் போதவில்லை என்ற நிலையும் வந்தது. புதிதாக வந்த யூதக் குடியேறிகளுக்கு வேலை மிஞ்ச வேண்டும் என்று அரேபியர்களை ஊரோடு கட்டிவைத்த காலம் முடிந்திருந்தது. 1959-ல் நீதி அமைச்சர் பின்ஹாஸ் ரோசன் தலைமையில் அமைச்சர்கள் குழுவே எடுத்துவிடலாம் என்றது. பென் குரியன் அசையவில்லை.

1963 பிப்ரவரி 20 அன்று வாக்கெடுப்பு. ராணுவ ஆட்சியை ஒழிக்க வேண்டும் என்போர் 56. வேண்டாம் என்போர் 57. ஒரே ஒரு வாக்கு. மாபாயின் துணைப் பட்டியல்களில் நின்று ஜெயித்த அரபு உறுப்பினர்களின் வாக்கும் அந்த 57-க்குள் இருந்தது. தங்கள் மக்களைக் கட்டிப்போட்ட கயிற்றைத் தாங்களே பிடித்துக்கொண்டார்கள். அவர்களைத் திட்டுவது சுலபம். அவர்களை அவைக்கு அனுப்பிய இயந்திரமே அந்த ராணுவ அலுவலகம்தான் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

அந்த ஆண்டு ஜூனில் பென் குரியன் விலகினார். அடுத்து வந்த லெவி எஷ்கோல் சத்தமில்லாமல் வேலை செய்பவர். முதலில் பெரும்பாலான இடங்களுக்குச் சீட்டுத் தேவையில்லை என்று தளர்த்தினார். 1966 நவம்பரில் கெனெஸட்டில் அறிவித்தார். டிசம்பர் 1 அன்று ராணுவ ஆட்சி கலைந்தது. சீட்டு இல்லாமல் நாசரேத்தில் பஸ் ஏறி டெல் அவிவில் இறங்கலாம். எந்தக் கலவரமும் நடக்கவில்லை, நாடு இடிந்து விழவில்லை. பதினெட்டு ஆண்டுகளாகச் சொல்லப்பட்ட ஆபத்து எதுவும் வரவில்லை. 1945 விதிகள் மட்டும் சட்டப் புத்தகத்தில் கிடந்தன. அதிகாரம் ராணுவத்திடமிருந்து போலீஸுக்கு மாறியிருந்தது.

ஆறு மாதம்தான். 1967 ஜூன் 5 அன்று போர் தொடங்கி ஆறே நாளில் முடிந்தது. மேற்குக் கரையும் காஸாவும் இஸ்ரேல் வசம். ஏறத்தாழ பத்து லட்சம் பாலஸ்தீனர்கள் அதன் படையின் கீழ். ராணுவச் சட்டத்துறைத் தலைவராக இருந்த மேயர் ஷம்கர், இப்படி ஒரு நிலை வந்தால் ஆளுவதற்கான கையேடுகளை அறுபதுகளின் தொடக்கத்திலேயே தயாரித்து வைத்திருந்தார். ஆளுநர்கள் போனார்கள், பிரகடனங்கள் ஒட்டப்பட்டன. 1945 விதிகள் இங்கேயும் செல்லும் என்றது இஸ்ரேல். வீடு இடிக்கும் 119-ஆம் விதிதான் முதலில் வேலைக்கு வந்தவற்றில் ஒன்று. கலிலேயா அரேபியருக்கு வாக்குரிமை இருந்தது, வழக்குப் போட்டால் குடிமகன் என்று சொல்லிக்கொள்ள ஒரு பிரகடனம் இருந்தது, அவருக்காக அவையில் எழுந்து நிற்க 56 பேர் இருந்தார்கள். நாப்லஸிலும் ஹெப்ரானிலும் காஸாவிலும் இருந்தவர்களுக்கு வாக்கும் இல்லை, குடியுரிமையும் இல்லை. சீட்டு மட்டும் வந்து சேர்ந்தது.

(தொடரும்)